யார் ஊற்றுகிறார்கள் என்று சொல்ல வேண்டாமா, டீச்சர்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆசிரியர் இதழ்களில் எழுதுவது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களின் வேலை என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அப்படி நினைக்கும் டீச்சர்களும் சார்களும் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு வந்த மறு வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கி, மூன்றே நாளில் கட்டுரையைச் சர்வதேச இதழில் வெளியிடுவதாகச் சொன்னது. 2,500 ரூபாய் கட்டினேன். சொன்னபடி வெளிவந்தது. என் கட்டுரைக்கு முன்னால் மண்புழு உரம், பின்னால் கூட்டுறவு வங்கிக் கடன். நான் விட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான், என் கட்டுரையை யாருமே படிக்கவில்லை என்பது உறைத்தது. பணம் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அதனால் ஒரு இதழுக்கு அனுப்பும் முன் அதன் பழைய இதழ்கள் இரண்டையாவது முழுசாகப் படியுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த எட்டு இலக்க எண் ஒரு தொடர் வெளியீட்டுக்கான அடையாள எண், அவ்வளவுதான். உள்ளே இருப்பதன் தரத்தை அது சொல்லாது. கல்லூரியில் இருப்பவர்கள் யூஜிசி-கேர் பட்டியலை, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலை, பார்த்து அனுப்பிப் பழகியவர்கள். 2025 பிப்ரவரியில் யூஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது. இனி நாமேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதழாசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அந்தத் துறைக்காரர்களா, வந்திருக்கும் கட்டுரைகள் ஒரே துறையைச் சேர்ந்தவையா, மதிப்பீட்டுக்குச் சில வாரமாவது எடுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். மூன்று நாளில் போடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சரி, எதை எழுதுவது? இதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறோம். 'தகவல் தொடர்பு வழிக் கற்பித்தல்: ஒரு பார்வை' என்று நானும் ஒன்று எழுதி ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே இரண்டு வரி இருந்தது: இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் வகுப்பில் என்ன நடந்தது? அந்தக் கேள்வி எனக்குப் பெரிய வழியைத் திறந்தது.

அந்த வருடம் ஏழாம் வகுப்புக்குச் செயப்பாட்டு வினை நடத்த வேண்டியிருந்தது. 'ராமன் மாம்பழம் சாப்பிட்டான்', 'மாம்பழம் ராமனால் சாப்பிடப்பட்டது' என்று மாற்றச் சொன்னால் பிள்ளைகள் மாற்றிவிடுவார்கள். ஆனால் எதற்கு மாற்றுகிறோம் என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் ஒரு சனிக்கிழமை ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்கு அவர்களை அழைத்துப் போனேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு வர்ணத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வர்ணம் கலையாமல் பூவாக நிற்கிறது. மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்கிறார்கள். அப்புறம் தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு எடுத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். வர்ணம் ஊற்றப்படுகிறது, மணல் தூவப்படுகிறது, கல் காயவைக்கப்படுகிறது. யார் செய்கிறார் என்பதைவிடக் கல்லுக்கு என்ன ஆகிறது என்பது முக்கியமாக இருக்கிற இடத்தில் செயப்பாட்டு வினை தானாக வந்து உட்கார்ந்தது.

ஒரு பெண் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். "யார் ஊத்துறாங்கன்னு சொல்ல வேண்டாமா, டீச்சர்? எங்க அப்பாதானே ஊத்துறாரு?" என்றாள். அவள் நோட்டில் முதல் வரி இப்படி இருந்தது: 'மை ஃபாதர் போர்ஸ் த கலர்.' அதை நான் திருத்தவில்லை.

இதை 800 சொல்லில் எழுதினேன். அந்தப் பெண்ணின் கேள்வியைக் கடைசிப் பத்தியில், ஏதோ கொசுறு மாதிரி வைத்திருந்தேன். ஓர் ஆசிரியர் சங்கத்தின் செய்திமடலுக்கு அனுப்பியபோது அதன் இதழாசிரியர் அந்தக் கேள்வியை முதலுக்குக் கொண்டுவரச் சொன்னார். இலக்கண வடிவத்தை எப்போது பயன்படுத்துவது என்பதோடு எப்போது மறுப்பது என்பதையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறாள், கட்டுரையே அதுதான் என்று எழுதியிருந்தார். மூன்று முறை திருத்தி அனுப்பினேன். நல்ல இதழாசிரியர் ஒருவர் நம் எழுத்தில் கை வைப்பதைப் போன்ற பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. பணம் கொடுத்து வெளியிட்டால் நமக்குக் கிடைக்காமல் போவது முதலில் இதுதான்.

எங்கே அனுப்புவது என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு, செய்திமடலில் தொடங்குங்கள். நம் ஊருக்கு நெருக்கமானது எல்டாய், அதாவது இந்திய ஆங்கில மொழி ஆசிரியர்கள் சங்கம். பல வருடமாக இயங்கும் அமைப்பு, சென்னையில் இருக்கிறது, பல ஊர்களில் கிளைகள் உண்டு. அதன் 'ஜர்னல் ஆஃப் இங்கிலீஷ் லாங்வேஜ் டீச்சிங்' இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. டெல்லியிலிருந்து வரும் 'ஃபோர்டெல்' ஆங்கில மொழி, இலக்கியம் இரண்டையும் கற்பிப்பவர்களுக்கானது. 2012-ல் உதய்பூரின் வித்யா பவன் சொசைட்டியும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய 'லாங்வேஜ் அண்ட் லாங்வேஜ் டீச்சிங்' எனக்கு மிகவும் பிடித்தது. பல மொழி பேசும் வகுப்பறையைக் குறையாகப் பார்க்காத இதழ் அது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பற்றி அங்கே கூச்சமில்லாமல் எழுதலாம். வெளிநாட்டில் என்றால், 1999-ல் தொடங்கிய 'ஹ்யூமனைசிங் லாங்வேஜ் டீச்சிங்' என்ற இணைய இதழ் வகுப்பறை அனுபவத்துக்கு நல்ல இடம் தருகிறது. இங்கிலாந்தில் இருக்கும் ஐயாடெஃபல் என்ற ஆங்கில ஆசிரியர் அமைப்பின் 'வாய்ஸஸ்' சிறு கட்டுரைகளைப் போடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் 'ஈ.எல்.டி. ஜர்னல்' 1946 முதல் வருவது. அங்கே நுழைவது கடினம். அதைப் படித்துக்கொண்டே இருங்கள், அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழுக் கட்டுரை மலைப்பாக இருந்தால் புத்தக மதிப்புரையிலிருந்து தொடங்கலாம். கலந்துகொண்ட மாநாட்டைப் பற்றிய அறிக்கை, ஒரே ஒரு வகுப்பறைச் செயல்பாடு, இவையும் அச்சேறும். என் இரண்டாவது எழுத்து ஒரு பக்கச் செயல்பாடுதான்.

சில வேலைகளைச் சோம்பல் படாமல் செய்ய வேண்டும். பிள்ளைகள் எழுதியதையோ சொன்னதையோ சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானே போய்க் கட்டுரையைத் தமிழில் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. பதில் வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் ஆனது. எத்தனை சொல், மேற்கோளை எந்த முறையில் தருவது என்று இதழ் கேட்டிருப்பதை அட்சரம் பிசகாமல் பின்பற்றுங்கள். அப்புறம், தினமும் வகுப்பு முடிந்ததும் ஐந்து வரி குறித்து வையுங்கள். பிள்ளை சொன்ன வாக்கியத்தை அதே சொற்களில் குறியுங்கள். நான் அன்று குறிக்காமல் விட்டிருந்தால் 'எங்க அப்பாதானே' என்பது இரண்டு நாளில் என் சொற்களாக மாறியிருக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்த்துவைத்ததில் துண்டு விளம்பரமும் அழைப்பிதழும்கூட உண்டு. நான்கு பக்கச் செய்திமடல்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை ஆத்தங்குடிக்கு எடுத்துப் போனேன். அந்தப் பெண் பட்டறையில் நின்றபடி சத்தமாகப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அவள் அப்பா கையில் சிமெண்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "கண்ணாடியைத் தொடைக்கிறத விட்டுட்டீங்களே, டீச்சர். அதான முதல் வேலை" என்றார். அங்கேயே அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். அச்சான பக்கத்தின் ஓரத்தில் அவள் எழுதினாள்: 'ஃபர்ஸ்ட், மை ஃபாதர் வைப்ஸ் த கிளாஸ்.'