கடலைப் புண்ணாக்கைப் பரிசோதனைக்கு அனுப்பிய அனுபவம்

மழை பிடித்த பிறகு எங்கள் மாடுகள் தொட்டியில் தீவனத்தை மிச்சம் வைக்க ஆரம்பித்தன. பால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சாணம் இளகியது, ரோமம் சிலிர்த்து நின்றது. உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. மடிநோயும் இல்லை. அப்புறம்தான் கேட்டார்: "புண்ணாக்கு எப்பங்கம்மா மாத்துனீங்க?"

கடை அதே கடைதான். ஆனால் லோடு புதுசு. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தோம், பூசணம் எங்கேயும் கண்ணில் படவில்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை, காய் மண்ணுக்குள் இருக்கும்போதே கடலையில் ஏறிவிடும். சரியாகக் காயாத காயில் பெருகி, அஃப்லாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். செக்கில் ஆட்டும்போது பூஞ்சை செத்தாலும் நச்சு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்ததற்கும் பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அதைத் தேடிப் போனபோதுதான் இந்த நச்சே உலகத்துக்குத் தெரிந்தது.

அன்றைக்கே புண்ணாக்கு வைப்பதை நிறுத்தினோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் விவசாயிகளுக்கும் பார்த்துத் தருவார்கள். அங்கே அனுப்பலாம் என்று முடிவானது.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் அதில்தான் நிற்கிறது. மேலே இருக்கிற மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பினால் வருகிற முடிவை நம்ப முடியாது. இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. வடையில் மிளகு கிடப்பதுபோல அங்கங்கே திட்டாக இருக்கும். கலப்புத் தீவனத்துக்கு நம் நாட்டுத் தர அளவு 20 பிபிபி. அதாவது ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவைத் தேடும்போது, எந்த இடத்தில் அள்ளினோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

அதனால் அடுக்கில் மேலே, நடுவே, அடியில், சுவர் ஓரத்தில் என்று எல்லா இடத்து மூட்டைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தோம். ஒவ்வொரு மூட்டையிலும் வாய்ப்பக்கம், நடு, அடி மூன்றிலும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளை இடித்து, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்தோம். எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, ஒரு கிலோ அளவுக்கு வரும்வரை குறைத்தோம். காகிதப் பையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, போகிற வழியிலேயே பூசணம் வளர்ந்துவிடும்.

முடிவு வந்தபோது அஃப்லாடாக்சின் பி1 (இந்த நச்சில் ஒரு வகை) அந்த 20ஐப் போலப் பல மடங்கு இருந்தது.

கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "வெயில்ல நல்லாக் காய வெச்சுப் போடுங்கக்கா, ஒன்னும் ஆகாது" என்றார். ஊரில் பலரும் இதையேதான் செய்கிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். காய வைத்தால் பூஞ்சை மேற்கொண்டு வளராது, அவ்வளவுதான். சுரந்து முடித்த நச்சு அப்படியே கிடக்கும். மாடு தின்கிற பி1-இல் ஒரு பங்கு, உடம்புக்குள் எம்1 என்கிற இன்னொரு வகை நச்சாக மாறிப் பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தபோது, இந்த அளவைத் தாண்டிய மாதிரிகள் அதிகம் வந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 551இல் 88. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தானே?

புண்ணாக்கை நிறுத்தி மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 வெகுவாகக் குறைந்துவிடும் என்றார் டாக்டர். அதுவரை சொசைட்டிக்கு ஊற்றவில்லை, வீட்டிலும் காய்ச்சவில்லை. வருமானம் போனது வலித்தது. ஆனாலும் ஊற்ற மனசு வரவில்லை. மீதி மூட்டைகளைக் கோழிக்குக்கூடப் போடாமல் குழி வெட்டிப் புதைத்தோம். பெண்டோனைட் கலந்த நச்சுப் பிடிப்பான் பொடியை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது குடலில் நச்சைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். ஆனால் கெட்டுப்போன புண்ணாக்கைத் தைரியமாகப் போடுவதற்கான மருந்தில்லை அது. மாடுகள் முதலில் தீவனம் எடுத்தன. பால் ஏற வெகுநாள் பிடித்தது, ஈரல் தேற வேண்டுமே.

இப்போது மூட்டைகள் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரே லோடாக வாங்கிப் பரிசோதனைக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். லோடு இறங்குகிற அன்றே மாதிரி எடுத்துவிடுவோம். தாள் கைக்கு வரும்வரை பழைய இருப்பைத்தான் வைப்போம். முடிவு மோசமாக வந்தால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுகிறோம். அதற்குச் சம்மதிக்கிற கடையில் மட்டும் வாங்குகிறோம்.