மழையில் பார்க்காமல் வாங்கிய வீடு

அந்த வீட்டை நான் முதலில் பார்த்தது நல்ல வெயில் நேரத்தில். புதுப் பெயின்ட், கழுவிவிட்ட வாசல், ஏஜென்ட் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார். சாவி கைக்கு வந்த இரண்டாவது நாள் மழை கொட்டியது. நடு அறை சிலிங்கில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது, அரை மணி நேரத்தில் அதிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்தப் பெயின்டை எதை மறைக்க அடித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

வேலையிடத்தில் இரண்டு மூன்று பேர் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் பாதி பாதியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. 1996-இல் பக்கத்தில் கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டை திறந்ததிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பேக்டரிக்குத்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான். வேலைக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும். வாடகைக்கு ஆள் கிடைக்கும் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

அம்மாவுக்கு அந்தத் தைரியம் இல்லை. அவர் தோட்டம் கொடுக்கிற லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டுக்கே வாக்கப்பட்டவர். "வேல போனா வீடும் போயிரும் தம்பி, அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு" என்பார். தோட்டத் துண்டாடல் காலத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தாத்தா பார்த்தது அதைத்தான். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960-இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும், பங்குக்காகத் தாத்தா மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டினார். சங்கம் முதலில் வாங்கியது இதே கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டத்தை. பால்மரம் வெட்டுகிற கூலியில் பத்து வெள்ளி என்பது எவ்வளவு பெரிய காசு என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அதனால் நான் பேங்கில் கடன் வாங்கி, நாங்கள் குடியிருக்கப் போகாத ஒரு வீட்டை வாங்குவது அவருக்குப் புரியவே இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2024-இல் வாங்கினேன். மாடி இல்லாத, வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடு, விலை 150,000 ரிங்கிட். எனக்கு இது இரண்டாவது வீடு என்பதால் 90 விழுக்காடு கடன் கிடைத்தது, கையிலிருந்து 15,000. பெயர் மாற்றுகிற ஸ்டாம்ப் டூட்டி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 2 விழுக்காடு, ஆக 2,000. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 675. லாயர் பீஸ் வீட்டுக்கு 1.25 விழுக்காடு, கடன் பத்திரத்துக்குத் தனியாக இன்னொரு 1.25. எல்லாம் சேர்ந்து, ஓர் ஆணி அடிப்பதற்கு முன்பே 22,000 போய்விட்டது. முதல் வீட்டுக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்திருந்தேன், அதை விற்காமல் இரண்டாவது வீட்டுக்கு எடுக்க முடியாது. முழுக்கச் சேமிப்பிலிருந்துதான் வந்தது.

மாதத் தவணை 664, வாடகை 750. மிச்சம் 86. இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடும். சுக்காய் பிந்து (வீட்டு வரி), சுக்காய் தானா (நில வரி), தீ இன்சூரன்ஸ் எல்லாம் போனால் வருடக் கடைசியில் ஐந்நூறு சொச்சம் நிற்கும், ஒரே ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அதுவும் போய்க் கைக்காசு போட வேண்டும். அதனால் வாடகையை வருமானம் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். குடியிருப்பவர் தருகிற பணம் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, அவ்வளவுதான், அதற்கே நான் சந்தோஷப்படுகிறேன். வாங்கி உடனே விற்றுவிடலாம் என்கிற யோசனையும் வேண்டாம், முதல் மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. குடிமக்களுக்கு ஆறாவது வருடத்திலிருந்துதான் அது இல்லை.

முன்பணம் கட்டும் முன் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவைப் பாருங்கள். கெடாவில் ஞாயிற்றுக்கிழமை அரசாங்க ஆபீஸ் திறந்திருக்கும், நமக்கு லீவு நாள், போய் நில அலுவலகத்தில் ஒரு தேடல் போட அதிக நேரம் ஆகாது. மலாய்க்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா, விற்பனையைத் தடுக்கிற கேவியட் இருக்கிறதா, தனி கிராண்ட் வந்துவிட்டதா, இல்லை இன்னும் வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளர் பெயரிலேயே கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு முன் நான் வாங்க ஆசைப்பட்ட வேறொரு வீடு அந்தக் கடைசிக் காரணத்தால்தான் கைவிட்டுப் போனது.

இனி ரிப்பேர். நான் ஒதுக்கியது 12,000. முடிந்தது 19,000. கூரையில் ஓடு நகர்ந்திருந்தது, அது சின்ன வேலை. பல வருடம் தண்ணீர் இறங்கி இறங்கி உள்ளே மரச்சட்டம் ஊறிப்போயிருந்தது, அதுதான் பெரிய வேலை. கதவு நிலைகளைக் காசால் தட்டிப் பார்த்தால் இரண்டில் வெறும் ஓட்டைச் சத்தம், உள்ளே முழுக்கக் கரையான். தண்ணீர்க் குழாய் பழைய இரும்பு, காலையில் முதல் வாளித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். வயரிங் வீடு கட்டிய காலத்தது. பார்க்க வந்த வயர்மேன் அண்ணன் சுவிட்ச் போர்டைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, பாத்ரூம்ல ஹீட்டர் போடறதா இருந்தா அதுக்குத் தனி லைன், தனி 10 மில்லியாம்ப் டிரிப்பர். அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிறதுதான் அந்த டிரிப்பர். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

பாத்ரூம் வேலைக்கு வந்த காண்ட்ராக்டர் வேறு மாதிரி. பாதிப் பணம் முன்னாலேயே கேட்டார், கொடுத்தேன். தரையை உடைத்தார், கூலி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார், அதன்பின் போனை எடுக்கவில்லை. 4,000 ரிங்கிட். இப்போது நான் பொருளை நானே கடையில் வாங்கிக் கொடுக்கிறேன், கூலியை வேலை முடிய முடியத் தருகிறேன், தரைக்கு வாட்டர்ப்ரூபிங் போட்டபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் மாபிள் (டைல்) ஒட்டச் சொல்கிறேன். ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஆள் குடிவந்த பிறகு செய்கிற ரிப்பேரை வாடகை வருமானத்தில் கழிக்கலாம், முதல் ஆள் வருவதற்கு முன் செய்ததைக் கழிக்க முடியாது, ஆனால் வீட்டை மேம்படுத்திய செலவுக்கு ரசீது இருந்தால் பின்னால் விற்கும்போது லாபக் கணக்கில் உதவும்.

இப்போது அங்கே இருப்பது ஒரு குடும்பம். கணவன் மனைவி இருவரும் பேக்டரியில் ஷிப்ட், இரண்டு பிள்ளைகள். இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாதம் முன்வாடகை, கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், ஸ்டாம்ப் அடித்த ஒப்பந்தம். வாடகை வராவிட்டால் பூட்டை மாற்றிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சட்டப்படி தப்பு, 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 7-ஆம் பிரிவின்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது. சட்டம் இல்லையென்றாலும் என்னால் அதைச் செய்ய முடியாது. எங்கள் தோட்டம் கைமாறியபோது முதலில் தண்ணீரை நிறுத்தினார்கள், எனக்கு அப்போது ஒன்பது வயது, அம்மா குடத்தோடு பக்கத்துத் தோட்டம் வரை நடந்தது நினைவிருக்கிறது.

ரிப்பேர் முடிந்து ஆள் வருவதற்கு முன் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பெயின்டைப் பார்க்கவில்லை, கிரில்லைப் பார்க்கவில்லை, நேரே பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தெளிவான தண்ணீர். கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "பின்னாடி ஒரு முருங்க வைக்க எடம் இருக்கு. வர்றவங்க வச்சாங்கன்னா வெட்டச் சொல்லாத" என்றார்.

வைத்திருக்கிறார்கள். கழிவுக் குழாயிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.