'தோத்திரம்' சொல்லாத அந்த அம்மா

அந்த அம்மா என்னைப் பார்த்து "வணக்கம் ஐயா" என்றார்கள். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆலய வாசலில் ஆகட்டும், ரேஷன் கடை வரிசையில் ஆகட்டும், கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற "தோத்திரம் ஐயா"தான். நானும் "தோத்திரம்மா" என்பேன். அன்றைக்கு அவர்கள் வீட்டு நடையில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, தலையாரி பின்னால் பைலோடு நிற்க, "வணக்கம் ஐயா, உள்ள வாங்க" என்றார்கள். நெற்றியில் குங்குமம். அவசரத்தில் வைத்தது போல ஒரு பக்கம் இழுத்திருந்தது, கொஞ்சம் மூக்குத் தண்டில் உதிர்ந்து கிடந்தது. நான் வருவதை யாரோ முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

நான் அந்த ஊர் வி.ஏ.ஓ., கிராம நிர்வாக அலுவலர். விஷயம் ஒரு சாதிச் சான்றிதழ்தான். இளைய பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, கவுன்சிலிங்குக்காக இ-சேவையில் விண்ணப்பம் போட்டிருந்தாள். அப்பாவின் சான்றிதழ் இருக்கிறது, அக்காவின் சான்றிதழ் இருக்கிறது, இரண்டிலும் இந்து, பட்டியல் சாதி. மற்ற நேரமாக இருந்தால் என் லாகினில் ஒரு நாள்கூட நிற்காது, பார்த்து ஆர்.ஐ.க்கு, அதாவது வருவாய் ஆய்வாளருக்குத் தள்ளிவிடுவேன், அப்புறம் தாசில்தார் கையெழுத்து. ஆனால் அதே வாரம் தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்துவிட்டது. இன்ன தெருவில் இன்னின்ன குடும்பங்கள் சர்ச்சுக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் வாங்குகிறார்கள், வி.ஏ.ஓ.வும் அந்த மதத்துக்காரர் என்பதால் கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருந்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து சில பக்கங்களையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின் மீது செய்கிற மோசடி என்று அதில் வருகிற இடத்துக்குச் சிவப்பு மையில் கோடு.

ஆர்.ஐ. நல்ல மனிதர். "நேர்ல போய் ஒரு வாக்குமூலம் வாங்கிடுங்க சார், உங்களுக்கும் அதான் சேஃப்டி" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அந்த 'உங்களுக்கும்' என்ற வார்த்தையைத்தான் இப்போது யோசிக்கிறேன்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். பெயர், வயது, எத்தனை வருடமாக இந்த ஊர் என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். அப்புறம், "எந்த மதம்மா கடைப்பிடிக்கிறீங்க?" என்றேன்.

"எதை எழுதினா பிள்ளைக்குக் கிடைக்குமோ அதையே எழுதிக்கிடுங்கய்யா."

இந்த இடத்தில் நான் பேசாமல் எழுதியிருக்கலாம். அவர்கள் எனக்கு ஒரு வழி விட்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படி நானா எழுத முடியாதும்மா. உங்க வாயால சொல்லணும்" என்றேன்.

அந்த அம்மா தலையாரியைப் பார்த்தார்கள், என் பேனாவைப் பார்த்தார்கள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "நாங்க சாமி கும்பிடுத ஆளுகதான் ஐயா."

எந்தச் சாமி என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'நாங்கள் இந்து மதத்தைப் பின்பற்றி இந்து தெய்வங்களை வழிபட்டு வருகிறோம்' என்று வழக்கமான வாசகத்தை எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டேன். தலையை ஆட்டினார்கள். கையெழுத்துப் போடும்போது முதல் எழுத்திலேயே கை ஒரு நொடி நின்றது. ஆலயத்தில் அவர்களுக்கு வேறு பெயர். சங்கக் காணிக்கை நோட்டில் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாமே எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். அந்தப் பிள்ளை வெள்ளைச் சேலை கட்டி, சபையில் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் எடுத்த அன்று பேராயர் அவள் தலையில் கை வைத்ததை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தவன் நான். அன்றைக்கு வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுத்தவன். ஞானஸ்நானப் பதிவேடு ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர் மேசையில் இருக்கிறது, ஒரு போன் செய்தால் பக்க எண்ணோடு சொல்லிவிடுவார். நான் செய்யவில்லை. விசாரணையில் என்ன தெரியவந்ததோ அதைத்தான் வி.ஏ.ஓ. எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நான் கண்டதெல்லாம் விசாரணை ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அன்றைக்குச் சரியாகப் பட்டது, பாதி நாட்களில் இன்றும் சரியாகத்தான் படுகிறது. மீதி நாட்களில், பொய் என்று தெரிந்தே அறிக்கை அனுப்பிய அரசு ஊழியன் என்று என்னைப் பற்றி ஒரு வரி மனதுக்குள் ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. மதத்தைப் பார்க்க வேண்டாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது, 2022-ல் இதை ஆராய பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள், 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானமே போட்டது. பத்தி அப்படியே இருக்கிறது. நம் மாநிலத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், பி.சி., பிற்படுத்தப்பட்டோர். அதாவது பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டிலிருந்து கிளம்பி, எங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பி.சி.யின் 26.5 சதவீதத்துக்குள் வந்து போட்டி போட வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் நாடார். இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் பி.சி. பட்டியலில் எங்களுக்கு ஒரே வரிதான். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வேதக்காரர்கள், அதற்காக எந்த ஆபீசிலும் எதையும் இழந்ததில்லை. என் சான்றிதழில் என் ஞானஸ்நானப் பெயரே இருக்கிறது. ஒரு சீட்டுக்காக ஆண்டவரை ஒளித்துவைக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்ததே இல்லை. வராதவன், அது வந்த ஒரு தாயின் வீட்டில் உட்கார்ந்து 'உங்க வாயால சொல்லுங்க' என்றேன். சட்டம் கேட்டதா, ஆர்.ஐ. கேட்டாரா, அல்லது பெட்டிஷனில் என்னைப் பற்றி இருந்த அந்த அரை வரிக்குப் பயந்து நானே கேட்டேனா? நாளைக்கு யாராவது விசாரணைக்கு வந்தால் 'அவங்களே சொன்னாங்க, இதோ கையெழுத்து' என்று எடுத்துக் காட்ட எனக்கு ஒரு தாள் தேவைப்பட்டது. அதற்காக அந்த அம்மாவின் மறுதலிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

கடுமையாகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. வாக்குமூலம் இல்லாமல் அனுப்பியிருந்தால் ரிட்டர்ன் ஆகியிருக்கும், கவுன்சிலிங் தேதி போயிருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் பிள்ளைக்கு மட்டுமல்ல, அப்பா, அக்கா சான்றிதழையும் கிளறுவார்கள், அக்கா அந்தச் சான்றிதழில்தான் வேலையில் இருக்கிறாள். இப்போது இளையவள் அரசுக் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். நான் இல்லாமல் வேறு வி.ஏ.ஓ. இருந்தாலும் இதையேதான் வாங்கியிருப்பார். ஆனால் வேறு வி.ஏ.ஓ.விடம் அந்த அம்மா ஞாயிறுதோறும் தோத்திரம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சபையில் யாரிடமும் இதைப் பேசவில்லை. பேசுகிற காலமாகவும் இல்லை. தேர்தல் நெருங்க நெருங்க ஊரில் ஒவ்வொரு முக்குக்கும் ஒரு கொடிக்கம்பம் வந்தது போல, சபை வாட்ஸப் குரூப்பிலும் கட்சி வந்துவிட்டது. ஒருவர் ரோமர் 13-ஐப் போட்டு அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பார், அடுத்தவர் அப்போஸ்தலர் 5-ஐப் போட்டு மனுஷனைவிடத் தேவனுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும் என்பார். எனக்கு இரண்டுமே மனப்பாடம். அந்த வீட்டில் இரண்டும் உதவவில்லை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்துதான் அந்தப் பொய்யை வாங்கினேன். தேவனுக்குக் கீழ்ப்படிவதென்றால் எது, உண்மையை எழுதி அந்தப் பிள்ளையின் படிப்பைக் கெடுப்பதா?

போன வருடம் ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. அந்த மூன்றாவது பத்திக்காக அதைக் கறுப்பு நாளாக அனுசரிப்பார்கள். ஐயர் பிரசங்கத்தில், "கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்கிறோம், ஆனால் கிறிஸ்துவுக்காகச் சாதியின் உரிமையை இழந்தவர்களுக்காக நாம் என்ன செய்தோம்?" என்று கேட்டார். எங்கள் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. மேற்குப் பக்கம் யாருக்கு, ஓடைப் பக்கம் யாருக்கு என்று எழுதிவைக்கவில்லை, ஆனால் குழி வெட்டுகிறவர் யாரையும் கேட்பதில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர் வழக்குப் போட்டபோது, கிறிஸ்தவரான பிறகும் அதே ஒடுக்குமுறை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆதாரத்துக்கு எங்கள் ஓடைப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

ஆராதனை முடிந்து வாசலில் ஆளுக்கொரு கறுப்பு பேட்ஜ் கொடுத்தார்கள். அரசு ஊழியன், நடத்தை விதிகள் இருக்கின்றன, கேட்டுக்கு வெளியே யார் போட்டோ எடுக்கிறார்களோ தெரியாது. வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாவைத் தேடினேன். இல்லை. ஜூனிலிருந்தே வரவில்லை என்று மனைவி சொன்னாள். பத்து கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஜெபக்கூடத்துக்குப் போவதாக ஒருவர் சொன்னார், எங்கேயும் போவதில்லை என்று இன்னொருவர்.

இந்த வருடம், இயேசுவின் பாடுகளை நினைக்கிற லெந்து நாட்களில், சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பகுதியை வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட பகுதி, ஒவ்வொரு தடவையும் நான் பேதுருவின் இடத்தில்தான் நிற்பேன், என்னையும் மன்னியும் என்று ஜெபிப்பேன். இந்தத் தடவை அந்த வேலைக்காரி குளிர் காய்கிற நெருப்பு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிற வசனத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவளைப் பற்றி இதுவரை ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. பிரதான ஆசாரியன் வீட்டில் சம்பளத்துக்கு இருந்தவள். அவளுக்கும் ஒரு சேஃப்டி தேவைப்பட்டிருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் போகிற மகளை ஏற்றிவிட வந்திருக்கிறார்கள், கையில் மஞ்சள் பை, பையில் முறுக்கு டப்பா. நெற்றியில் பொட்டு இல்லை. என்னைப் பார்த்ததும் நின்றார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எந்த வணக்கத்தைச் சொல்வது என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஊர்க்காரர்கள் நாலு பேர், அந்தப் பெட்டிஷனை எழுதியவர் என்று நான் சந்தேகப்படுகிறவர் அதில் ஒருவர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா, பிள்ளை நல்லா படிக்கிறாளா?" என்றேன்.