காரணம் சொல்லாமல் மறுக்கப்படும் விடுப்பு

சில நாள் வீட்டுக்குப் போய்வர ஆயுள் தண்டனைக் கைதிகள் கேட்கும் விடுப்பு (பரோல்) மனுக்களை உயர் நீதிமன்றத்தில் நடத்தி வருகிறேன். மனுதாரர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் தாய். வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது, "மறுத்த உத்தரவோட நகல் இருக்காம்மா?" பல நேரம் இருக்காது. "இல்லைன்னு சொல்லிட்டாங்க சார்" என்பதோடு சரி.

தமிழ்நாட்டில் இதற்கென 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. சாதாரண விடுப்பு, அவசரகால விடுப்பு என்று இரண்டு வகை. நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதுவார். காவல் நிலையத்திலிருந்தும் அறிக்கை வரும். சிக்கல் பெரும்பாலும் அந்த இரண்டாவது அறிக்கையில்தான். 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது' என்று ஒரு வரி. யாரால், எதனால் என்று இருக்காது.

ஒரு வழக்கில், படுத்த படுக்கையான தாயைப் பார்க்க மகன் விடுப்பு கேட்டிருந்தார். 'காவல்துறை பரிந்துரைக்கவில்லை' என்பதுதான் மறுப்பு உத்தரவில் இருந்த ஒரே காரணம். நாங்கள் நீதிமன்றம் போன பிறகு வந்த அரசின் பதில் மனுவிலோ எதிர்த்தரப்பு, உயிருக்கு ஆபத்து, பழைய பகை என்று பக்கம் பக்கமாகக் காரணங்கள். மொகிந்தர் சிங் கில் வழக்கைக் காட்டினேன். அது தேர்தல் வழக்குதான். ஆனால் ஓர் உத்தரவு அதிலேயே சொல்லப்பட்ட காரணத்தால்தான் நிற்க வேண்டும், பிறகு பிரமாண வாக்குமூலத்தில் புதுக் காரணம் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். போலீஸ் வழிக்காவலோடு விடுப்பு கிடைத்தது.

விடுப்பு உரிமையல்ல, சலுகை என்று அரசுத் தரப்பு ஒவ்வொரு முறையும் சொல்லும். சரி, சலுகை என்றே வைத்துக்கொள்வோம். கேட்டவரின் மனுவை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது சலுகை இல்லையே? சிறைக்குள் போனதால் அடிப்படை உரிமைகள் அத்தனையும் போய்விடாது என்று சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 1978-லேயே தீர்ப்பாகிவிட்டது.

கொலையுண்டவரின் குடும்பத்துக்கு இருக்கும் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு ஊரில் தங்கச் சொல்லலாம், தினமும் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்லலாம். அதற்கும் அந்தப் பயம் என்னவென்று எழுத்தில் வர வேண்டும்.

மறுப்பு உத்தரவோடு காவல்துறை அறிக்கையின் நகலையும் அன்றே கைதியிடம் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கல்யாணமோ ஆபரேஷனோ முடிவதற்குள் எங்களால் நீதிமன்றத்துக்குப் போக முடியும்.