கிவிதான் கெடுத்தது: மாச்சா தயிர் பார்ஃபே அடுக்கிய அனுபவம்

பார்ஃபே என்பது டம்ளரில் தயிரையும் பழத்தையும் அடுக்கடுக்காகப் போட்ட இனிப்பு. இரவு பத்து மணிக்கு அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தபோது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அடியில் கிவித் துண்டுகள், அதன்மேல் மாச்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்) கலந்த தயிர், பிறகு வெள்ளைத் தயிர், மறுபடி கிவி. காலையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மங்கலாகத் தண்ணீர் நிற்கிறது. ஸ்பூனை விட்டதும் தயிர் நெகிழ்ந்து ஓடியது. வாயில் வைத்தால் பாகற்காய்க் கசப்பு. நான்கு கண்ணாடி டம்ளரையும் அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று.

கசப்பு என்றதும் சந்தேகம் மாச்சா மேல்தான் விழும். ஆனால் மாச்சா படாத வெள்ளைத் தயிரும் அதே கசப்பு. காரணம் கிவி. பச்சைக் கிவியில் ஆக்டினிடின் என்ற நொதி இருக்கிறது. பால் புரதத்தை அது துண்டு துண்டாக நறுக்கிவிடும். அந்தத் துணுக்குகள்தான் கசக்கின்றன. தயிரைக் கட்டிப் பிடித்திருந்த வலை அறுந்துபோவதால் தண்ணீரும் பிரிகிறது. அன்னாசியில் புரோமிலைன், பப்பாளியில் பப்பைன், அத்திப்பழத்தில் ஃபிசின், எல்லாம் இதே வேலையைச் செய்பவை. மட்டன் சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதேதான் இரவு முழுக்க டம்ளருக்குள் நடந்திருக்கிறது. கிவியும் அன்னாசியும் வேண்டவே வேண்டும் என்றால் சாப்பிடும் நிமிடத்தில் மேலே வையுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டது என்பதால் பிரச்சினை செய்யாது.

இதற்கு முந்தைய தோல்வி தூளில். இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு பாக்கெட்டில் முன்பக்கம் பெரிதாக மாச்சா என்று இருந்தது. பிரித்தால் மருதாணிப் பொடி நிறம், வைக்கோல் வாசம். அது சாதாரண கிரீன் டீ இலையை அரைத்த தூள். உண்மையான மாச்சாவுக்கு அறுவடைக்கு முன் மூன்று வாரம் போலத் தேயிலைச் செடிக்கு நிழல் போடுவார்கள். அதனால் இலையில் பச்சையம் கூடும், துவர்ப்பு குறையும். பறித்த இலையை ஆவியில் வாட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் மெதுவாக அரைப்பார்கள். ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அரைத்தாலே அதிகம். விலை ஏன் அப்படி என்பது இதிலேயே விளங்கும். பாக்கெட்டில் உஜி, நிஷியோ போல ஜப்பானிய ஊர்ப் பெயர் இருக்கிறதா, ஒளி புகாத டின்னா என்று பாருங்கள். "செரிமோனியல்" (தேநீர்ச் சடங்குக்கு ஏற்ற தரம்) என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதற்குச் சட்டப்படியான தரவரையறை ஜப்பானிலேயே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்து விரலால் இழுங்கள். நல்ல தூள் முகப்பவுடர் போல வழுக்கிக்கொண்டு போய் நாற்றங்கால் பச்சையில் கோடு போடும். மட்டமானது நறநறக்கும், காக்கி நிறத்தில் நிற்கும்.

நல்ல டின் கிடைத்த பிறகும் ஒரு தப்பு நடந்தது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு திறந்தேன். சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளில் படிந்து, இரண்டே நாளில் கட்டி தட்டிவிட்டது. டின்னை வெளியே எடுத்து, குளிர் முழுக்கப் போன பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

இரண்டு டம்ளருக்கு, தலா 300 மில்லி, என் கணக்கு இது: வடித்த தயிர் 300 கிராம், மாச்சா 3 கிராம் (ஒன்றரை டீஸ்பூன், தலை தட்டி), தேன் 3 டீஸ்பூன், நடுத்தர அளவில் கெட்டியான பங்கனப்பள்ளி மாம்பழம் ஒன்று, மாதுளை முத்து நான்கு டேபிள்ஸ்பூன், சியா விதை ஒரு டீஸ்பூன், வறுத்த ஓட்ஸ் 50 கிராம்.

தயிரில்தான் பாதி வெற்றி. 600 கிராம் கொழுப்பு நீக்காத பாலின் தயிர், புளிக்காதது. மல்துணியில் கட்டி வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஐந்து ஆறு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 300 கிராம் நிற்கும். சமையலறைக் குழாயில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இங்கே வேண்டாம். வெயில் காலத்தில் அது வடிவதற்குள் புளித்துவிடும். புளிப்பும் மாச்சாவின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு சுருங்கும். அமிலம் கூடக்கூடப் பச்சை நிறமும் மங்கிப் பழுப்பேறும். இறங்கிய நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். வடித்த தயிரை மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். வழுவழுப்பாக வரும் என்று ஒரு சுற்று விட்டதில் ஆறு மணி நேர வேலை மோராகிப் போனது. கரண்டியால் ஒரே பக்கமாக இருபது தடவை கிளறினால் போதும்.

மாச்சாவை நேராகத் தயிரில் தூவினால் பச்சைப் புள்ளிகள்தான் மிஞ்சும். எவ்வளவு கிளறினாலும் கரையாது. கடித்த இடத்தில் கசப்புத்தூள் வெடிக்கும். கூழுக்குக் கேழ்வரகு மாவைத் தனியாகக் கரைத்துக்கொள்வது போலத்தான் இதுவும். முதலில் டீ வடிகட்டியில் சலிக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே முடியாது, மூங்கில் மத்து வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சலித்த தூளில் இரண்டு டீஸ்பூன் தேனும், 75 டிகிரி அளவில் வெந்நீர் இரண்டு டீஸ்பூனும் விட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தால் கிண்ணத்தின் ஓரத்தில் தேய்த்துக் குழையுங்கள். கொதித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டால் அந்தச் சூடு வரும். கொதிக்கக் கொதிக்க விட்டால் துவர்ப்பு தூக்கிக்கொள்ளும். குழைவு பளபளவென்று, புதினாச் சட்னியை விட நைஸாக, ஸ்பூனில் இருந்து நாடா போல விழ வேண்டும். அது ஆறியதும் ஒரு கரண்டி தயிரை அதில் கலந்து, பிறகு அதை மீதித் தயிரில் சேருங்கள். 180 கிராம் தயிருக்கு இந்த மாச்சா முழுவதும். 120 கிராம் வெள்ளையாகவே இருக்கட்டும், மீதி ஒரு டீஸ்பூன் தேன் அதற்கு.

பழத்தில் மாதுளைதான் நம்பகமானது. முத்து உடையாதவரை ஒரு சொட்டு விடாது. மாம்பழத்தில் பாதியை மசித்துச் சியா விதையைக் கலந்து இருபது நிமிடம் விட்டால், இறங்கும் சாற்றை விதை உறிஞ்சிக்கொண்டு ஜாம் பதத்துக்கு வரும். அடியில் அதைப் போடுங்கள். மறு பாதியைத் துண்டுகளாக்கிப் பேப்பர் துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். ஸ்ட்ராபெர்ரியில் முன்கூட்டிச் சர்க்கரை தூவினால் கால் மணியில் குளமாகும். உறைந்த புளூபெர்ரி உருகும்போது ஊதாச்சாறு பச்சையோடு கலந்து சிமெண்ட் நிறம் வரும். தர்பூசணி, ஆரஞ்சு பக்கமே போக வேண்டாம்.

அடுக்குவது சுலபம், டம்ளர் உள்ளே ஈரமில்லாமல் இருந்தால். தயிரை ஜிப் கவரில் நிரப்பி முனையை வெட்டி, மெஹந்தி கோன் போலப் பிழியுங்கள். முதலில் கண்ணாடியை ஒட்டி ஒரு வட்டம், பிறகு நடுவில். ஸ்பூனால் போட்டால் ஓரமெல்லாம் இழுவிக்கொள்ளும். மாம்பழ மசியல், மாச்சாத் தயிர், மாம்பழத் துண்டு, வெள்ளைத் தயிர், மாதுளை, மேலே மறுபடி மாச்சாத் தயிர். ஒவ்வொரு தயிர் அடுக்குக்கும் பிறகு மடித்த துண்டின்மேல் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழி போய்விடும். மேல் அடுக்கில் படும்படி பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள், காற்று பட்டால் நிறம் போகும். மறுநாள் காலைக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

ஓட்ஸை இரவே நடுவில் போட்டுவிட்டு, காலையில் ஊறிப்போன கஞ்சியைக் கிளறிக்கொண்டு நின்றதும் உண்டு. ஒரு டீஸ்பூன் நெய்யில் சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்து, கொஞ்சம் தேன் விட்டுப் புரட்டி, தட்டில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். ஓட்ஸ் இல்லாவிட்டால் கெட்டி அவலை இதே மாதிரி வறுத்தாலும் நன்றாகவே இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கிராம் மாச்சாவில் ஏறக்குறைய 20 முதல் 45 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கிறது, ஒரு டம்ளரில் ஒன்றரை கிராம் போகிறது. அவர்கள் டம்ளரில் மூன்று அடுக்கும் வெள்ளைத் தயிராகவே இருக்கட்டும்.

ஐந்தாவது தடவை, காலை ஏழு மணிக்கு, தாளை உரித்து ஓட்ஸைக் கொட்டினேன். மொறுமொறுப்பைத் தாண்டி ஸ்பூன் இறங்கியபோது பச்சை பச்சையாகவும் வெள்ளை வெள்ளையாகவும் அப்படியே நின்றது. நடுவில் தண்ணீர் இல்லை.