பரவைக் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு

எங்கள் காணி யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், பரவைக் கடல் என்று நாங்கள் சொல்லும் கடனீரேரிக்குக் கிட்ட இருக்கிறது. வடக்கே றோட்டு, தெற்கே தண்ணீர், அதற்கும் அப்பால் மெல்லிய கோடாகப் பூநகரிப் பக்கம். வீடு கட்டுவதென்று முடிவானபோது நான் கேட்டது ஒன்றைத்தான். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் இருந்தே தெரிய வேண்டும். சமைக்கும்போது தெரிய வேண்டும், படுத்திருக்கும்போது தெரிய வேண்டும், முழங்கால் நோவோடு சாய்மனைக் கதிரையில் இருக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டும்.

கனடாவில் இருக்கும் அண்ணா தன் வீட்டுப் படத்தை அனுப்பினார். பிரிட்டிஷ் கொலம்பியாவில், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு. முகட்டின் கீழே வரும் முக்கோணச் சுவர் நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி. எதிரே பனிமலை. "இதையே அங்கையும் கட்டு பிள்ளை, கடல் முழுக்க உள்ளுக்கு வரும்" என்றார்.

அந்தப் படத்தை நான் நிறைய நேரம் பார்த்தேன். அழகான வீடு, அந்த இடத்துக்குச் சரியான வீடு. மலை என்பது நிமிர்ந்து பார்க்கிற பொருள். கதிரையில் இருப்பவருக்கு உச்சி தெரிய வேண்டுமென்றால் கண்ணாடி மேலே ஏறத்தான் வேண்டும். மரச் சுவர் காயக் காயச் சுருங்கி இறங்கும் என்பதால் யன்னல் நிலைகளுக்கு மேலே இடைவெளி விட்டுப் பலகையால் மறைத்திருக்கிறார்கள் என்றும் அண்ணா சொன்னார். எங்கள் கரையில் நிமிர்ந்து பார்க்க என்ன இருக்கிறது? மேலே கண்ணாடி போட்டால் வெக்கையும் கண் கூசும் வானமும்தான் உள்ளே வரும். இங்கே காட்சி கிடையாகக் கிடக்கிறது. களங்கட்டி என்ற மீன்பொறியின் தடிகள், வள்ளங்கள், கண்டல் பற்றைகள், எதிர்க்கரை எல்லாமே ஒரே மட்டத்தில். ஆக, எங்களுக்கு வேண்டியது உயரம் இல்லை, அகலம்.

படம் கீறுவதற்கு முன் காணியில் ஒரு வேலை செய்தோம். அத்திவாரம் எவ்வளவு உயரம் வரும் என்று மேசன் அண்ணையிடம் கேட்டோம். மாரி வெள்ளத்துக்காக இரண்டரை அடி என்றார். அந்த உயரத்துக்குச் சீமெந்துக் கல் அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல் கதிரை வைத்து இருந்து பார்த்தோம். நாலு தடி நட்டுக் கயிறு கட்டி, யன்னல் எங்கே தொடங்கலாம், எங்கே முடியலாம் என்று கயிற்றை ஏற்றி இறக்கினோம். காலையிலும், உச்சி வெயிலிலும், பொழுதுபடும்போதும் பார்த்தோம். வீடு கட்டப் போகும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். தாளில் தெரியாத எல்லாம் அந்தப் பலகையில் தெரிந்துவிடும்.

அங்கே பிடிபட்ட முக்கியமான விசயம் கண்மட்டம். தட்டையான நீருக்கு முன்னால் இருந்தால் அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில்தான் நிற்கும். எழும்பினால் அதுவும் எழும்பும். கதிரையில் இருப்பவருக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி, நிற்பவருக்கு ஐந்தடி அல்லது சற்றுக் கூட. ஆனால் எங்கள் ஊரில் வழக்கமாகச் செய்யும் யன்னலில் அடிக்கட்டு மூன்றடியில் வரும், குறுக்குச் சட்டமும் கம்பியும் சரியாக அந்த நாலு, ஐந்து அடிக்குள் ஓடும். பார்க்க வேண்டிய கோட்டின் மேலேயே சட்டம் விழுந்துவிடும். ஆசாரியாரிடம் இதை விளங்கப்படுத்தி, மூன்றரை அடிக்கும் ஐந்தரை அடிக்கும் இடையில் குறுக்கே எதுவும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டோம். கள்ளருக்குக் கம்பி வேண்டும்தானே, அதை மெல்லிய நேர்க்கம்பியாகப் போட்டோம். நிலைக்குத்துக் கம்பி கண்ணுக்கு அவ்வளவு தடையாக இல்லை. படுக்கையறை யன்னலின் அடிக்கட்டை ஒன்றரை அடிக்கு இறக்கினோம், தலையணையில் சாய்ந்தபடியே தண்ணீர் தெரியும்.

படம் கீறிய தம்பிக்கு ஒரு கவலை இருந்தது. "அக்கா, வீட்டின்ர முகம் றோட்டுப் பக்கம்தானே. பின்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறியள்?" வாசல் வடக்கே இருக்கட்டும், அம்மாவின் விருப்பமும் அதுதான். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டு நடுக்கூடத்துக்கு ஊடாகத் தெற்கு விறாந்தையும் அதற்கு அப்பால் நீரும் தெரிய வேண்டும் என்றேன். இடையில் ஒரு சுவரும் வரவில்லை.

தெற்குப் பார்த்த காணி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வீட்டுக்கு வடக்குப் பக்கம் நிற்கும். கடும் வெக்கைக் காலத்தில் காட்சிப் பக்கம் நிழலாகிவிடும். மார்கழியில்தான் சூரியன் ஆகக் கூடுதலாகத் தெற்கே சாயும். அப்போதும் உச்சியில் அது ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் இருக்கும். ஏழடி உயரத் திறப்பை மறைக்க நாலரை அடித் தாழ்வாரமே போதும். நாங்கள் விறாந்தையை எட்டடி ஆழமாக எடுத்தோம், கதிரை போட்டு ஆட்கள் நடமாட அவ்வளவு வேண்டும். கூரை விளிம்பைத் தாழ விட்டதால் வானத்தில் பாதி மறைகிறது. அது குறையே இல்லை, கூச்சம் போய் நீரின் நிறம் நன்றாகத் தெரிகிறது.

காற்றும் ஒத்துவந்தது. வைகாசிக்குப் பிறகு சோழகம் தென்மேற்கிலிருந்து பரவைக் கடலுக்கு மேலாக வரும். மாரி மழையோ வடகிழக்கிலிருந்து வரும், ஆகவே தெற்கு விறாந்தையில் சாரல் குறைவு. குசினி அக்கினி மூலையான தென்கிழக்கில் வந்தது. சோழகத்தில் புகை வடகிழக்கே போய்விடும், அறைகளுக்குள் வராது. மேற்கு வெயிலைத் தாங்குவதற்குக் குளியலறையையும் களஞ்சிய அறையையும் அந்தப் பக்கம் நிறுத்தினோம்.

அனுமதி விசயத்தை முன்கூட்டியே பாருங்கள். மாநகர சபையின் ஒப்புதல் மட்டும் போதாது. கரையோர வலயத்துக்குள் வரும் காணிக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நீரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பது தெரிந்தால்தான் விறாந்தை எங்கே வரும் என்று தெரியும். விறாந்தை தெரியாமல் யன்னலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணாவின் வீட்டில் சுவரே மரம், எங்களுக்குக் கூரை மட்டும் மரம். சலாகையெல்லாம் பனை. பனையில் வைரம் வெளிப்புறத்தில்தான் இருக்கும், நடுவில் வெறும் சோற்றி. அதனால் முதிர்ந்த மரமாகப் பார்த்து, கறுப்பு நார் நெருக்கமாக ஓடும் துண்டுகளை ஆசாரியார் ஒவ்வொன்றாகத் தட்டித் தெரிந்தெடுத்தார். கதவு, யன்னல் வேம்பு, கறையான் இலகுவில் அரிக்காது. உப்புக் காற்றில் இரும்புப் பிணைச்சல் துருப்பிடித்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் பித்தளை வாங்கினோம். செலவு கூடத்தான், ஆனால் இந்தக் கரையில் அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

காணியின் தென் எல்லையில் மூன்று பனை நின்றன. காட்சியை மறைக்கும், தறித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். கிடையாக ஓடும் நீருக்கு நடுவே அந்த நிமிர்ந்த மரங்கள் நின்றால்தான் தூரம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது. மதிலை மட்டும் அந்தப் பக்கம் மூன்றடியோடு நிறுத்தினோம்.

நுளம்பு வலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நெருக்கமான வலை காட்சியை மங்கலாக்கும். படுக்கையறைகளுக்கு மட்டும் கழற்றிப் பூட்டக்கூடிய சட்டத்தில் அடித்திருக்கிறோம். விறாந்தைக்கு அடிக்கவில்லை. சோழகம் வீசும் மாதங்களில் அங்கே நுளம்பு நிற்காது, மற்ற நாட்களில் காற்றாடி போதும். கண்ணாடியில் படியும் உப்பைக் கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.