வருட இறுதிக் கணக்கும் கடைக் கணினியும்

மட்டக்களப்பில் கடை நடத்துவோர் வருட இறுதிக் கணக்கைப் பார்க்க அமரும் காலத்தில்தான் மாரி மழையும் உச்சத்தில் இருக்கும் (எங்கள் கடைக் கணினியை நிலத்திலிருந்து மேசைக்கு ஏற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்). அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடும்போது, புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன்பாக, இருக்கும் தரவுகளைக் காப்பதற்கே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, இணைப்பிலிருந்து விலக்கி வைத்த காப்புப் பிரதி இல்லாமையால், ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை சேர்ந்திருந்த தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. நாமோ கடன் கொப்பி முதல் கையிருப்பு வரை அனைத்தையும் ஒரே கணினியில் வைத்திருக்கிறோம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று கடைக்கு வெளியே என்பது பழைய விதி. அந்த வெளிப் பிரதியை நான் வெள்ளம் எட்டாத உறவினர் வீட்டு மேல்மாடியில் வைத்திருப்பதோடு, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தும் வருகிறேன். விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டதால், பழைய கணினியை மாற்றும் செலவையும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.